எழுதுகோலைப் பாடிய புலவர்கள்

புத்தளம் களப்புக் கரையில், உப்பளங்களுக்கு அருகே வளர்ந்தவன் நான். எழுத்தறியாத தொழிலாளர்களுக்கும் மீனவர்களுக்கும் என் பாட்டனார் மனு எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு மனுவும் அதிகாரியின் பெருமையைக் கூறியே தொடங்கும். “இத்தனை புகழ் எதற்கு?” என்று ஒருநாள் வினவினேன். “அவர் பேனா ஒரு வரி எழுதினால் ஒரு குடும்பம் உண்ணும்” என்றார்.

பிற்காலத்தில் பழைய பாரசீகக் கவிதையை அறிய முற்பட்டபோது அவ்விடையின் ஆழம் புலனாயிற்று.

பாரசீகம் எங்கள் கரைக்கு முற்றிலும் அந்நியமன்று. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ‘பத்தாலா’ என்னும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அரசர் பாரசீகம் அறிந்தவர் என்றும், பிற நாட்டு மன்னர்களின் செய்திகளை ஆவலுடன் கேட்டார் என்றும் எழுதியுள்ளார். அப்பட்டினம் புத்தளமே என்பர் அறிஞர்.

நம் புலவர்கள் வள்ளலின் கையை மழைமுகில் என்றனர். பாரசீகப் புலவரோ, அமைச்சரின் கையைப் பாடும்போது அதிலுள்ள நாணற்கோலையும் சேர்த்துப் பாடினர். தலையை வெட்டினால்தான் ஓடும். நாவைப் பிளந்தால்தான் பேசும். கருமையைப் பருகி ஒளியைச் சொரியும் என்று விடுகதை போல் வியந்தனர். காதலியைப் பாடும்போதும் எழுத்துக்கலை அவர்களை விட்டு நீங்கவில்லை. அவள் நிமிர்ந்த உருவம் ‘அலிஃப்’. வளைந்த கூந்தல் ‘லாம்’. சிறிய வாய் ‘மீம்’.

இவையெல்லாம் வெறும் முகமன்தானா? லாகூரிற் பிறந்த மசூது சஅது சல்மான் என்னும் கவிஞரின் வாழ்க்கை வேறுவிடை தருகிறது. கஸ்னவி மன்னரின் ஐயத்திற்கு ஆளாகி, சூ, தஹக், நாய் ஆகிய கோட்டைகளில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் சிறையிருந்தார். விடுதலைக்குப்பின் மீண்டும் சிறைப்பட்டார். சிறையிலிருந்து அவர் பாடிய புகழ்ப்பாக்கள் பல, உயர் அலுவலரிடம் விடுத்த விண்ணப்பங்களே. தாஹிர் என்னும் அலுவலரின் பரிந்துரையால் இறுதியில் விடுதலை கிட்டியது. அரச நூலகத்தைக் காக்கும் பணியும் வாய்த்தது.

பரிந்துரைக்கு நாம் வழங்கும் ‘சிபாரிசு’ என்ற சொல் பாரசீகம் தந்ததே. புகழ்ப்பாக்களைப் பொய்யென்று தள்ளுமுன், அவற்றைப் பாடியவன் எந்தக் கதவின் முன் நின்றான் என்று வினவுதல் நலம். எங்கள் பாட்டனாரின் மனுக்களுக்கு யாப்பில்லை. ஆயினும் அவையும் அந்தக் கவிதைக்கு உறவுதாம்.