ஆடற் கோலமும் அதன் குறிப்பும்

நாட்டிய நூலார் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காகப் பகுத்தனர். உடையும் அணியும் ஒப்பனையும் ஆகாரியத்தின்பாற் படும். இன்று நாம் காணும் பரதநாட்டியக் கோலம் எதனைக் குறிக்கின்றது, அஃது எக்காலத்தது என்னும் இரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படும்.

ஆடலோடு தொடர்புடைய பொருள் பிறிதொன்றைக் குறித்து நிற்றல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரும் தலைக்கோல், தோற்ற மன்னனின் வெண்குடைக் காம்பினாற் செய்யப்பெற்றது. எனினும் அஃது இந்திரன் மகன் சயந்தனாகவே போற்றப்பட்டது. மாதவி பூண்ட அணிகளைக் கடலாடு காதை நிரல்படக் கூறுகின்றது. ஆடுவோள் அணிபெற்றுத் தோன்றுதல் தொன்மையான மரபு என்பது இதனாற் பெறப்படும்.

மயிலாப்பூர் மாடவீதிகளில் விற்கப்பெறும் நாட்டிய அணிகளுள் சூரியப்பிறை தலையின் வலப்புறத்தும், சந்திரப்பிறை இடப்புறத்தும் அணியப்படும். இவை இருசுடரையும் குறிக்கும். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் முதலியன மணமகளும் அணிவனவே. ஆதலின், இக்கோலம் மங்கலத்தைக் குறிப்பதன்றித் தனியொரு பாத்திரத்தைக் குறிப்பதன்று. வருணம் ஆடும் நங்கை தலைவியாகவும் தோழியாகவும் தலைவனாகவும் உடை மாற்றாமலே மாறுகின்றாள் அன்றோ?

இவ்வியல்பு, மேலை ஆப்பிரிக்காவில் யோருபா மக்களின் எகுங்குன் ஆடலோடு ஒப்பிடுங்கால் நன்கு விளங்கும். ஆங்கு ஆடுவோன் தலை முதல் அடிவரை துணியடுக்குகளால் மறைக்கப்படுகின்றான்; மன்றில் தோன்றுபவர் மூதாதையரே எனக் கொள்ளப்படுகின்றார். அத்துணியே பாத்திரம், ஆள் மறைகின்றான். நம் ஆடலில் ஆள் மறைவதில்லை. முகமும் கையும் விளங்கித் தோன்றவே கோலம் அமைகின்றது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆடுவோன் சுழலும்போது அத்துணிகள் விரிந்தெழுகின்றன. நம் ஆடல்மகள் அரைமண்டியில் அமரும்போது முன்புற விசிறி மடிப்பு விரிகின்றது. இரண்டிடத்தும் அசைவே உடைக்குப் பொருளை நிறைவிக்கின்றது.

இனி இரண்டாம் வினா. விசிறி மடிப்புடன் தைத்த இவ்வுடை பழங்காலந்தொட்டு வருவது என மாணவர் சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. முன்னர் ஆடல்மகளிர் கால்சட்டையின் மேல் சேலையைச் சுற்றி ஆடினர். மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்ற ருக்மிணி தேவி, 1935இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையில் அரங்கேறினார். கோயிற் சிற்பங்களை நோக்கியும், இத்தாலியத் தையற்கலைஞர் கசான் அம்மையாரின் துணைகொண்டும் புதிய உடையை அவர் வகுத்தார். 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தின் வழி அது பரவிற்று. பாலசரசுவதியோ (1918–1984) சேலை மரபையே போற்றினார்.

எனவே அணிகளின் மரபு பழையது. உடையின் தையல் புதியது. இவ்வேறுபாட்டை மறப்பின் வரலாற்றுப் பிழை நேர்வதோடு, வேறோர் இழப்பும் நேரும். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அம்மரபின் மகளிர் மேடையினின்று அகன்ற காலமும் புதிய உடை பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. புதிய உடையைத் தொன்மையானது என்போமாயின், சேலை சுற்றி ஆடி இக்கலையைக் காத்த கௌரி அம்மாள் போன்றோர் வரலாற்றினின்றும் மறைக்கப்படுவர்.

புதுமை குற்றமன்று, பாவத்திற்கும் அசைவிற்கும் இசைந்து நிற்பின் புதிய உடையும் மரபாகும். ஆயினும் உடையின் குறிப்பை ஆராய்வோர், அஃது எதனைக் காட்டுகின்றது என்பதோடு, எவரை மறைக்கின்றது என்பதையும் வினவுதல் வேண்டும்.