சேற்றில் கை வைக்க முடியாத ஆறு

எண்ணூரில் வலை இல்லாதவர்களும் இறால் பிடித்தார்கள். வற்றம் இறங்கிய நேரத்தில் கொசஸ்தலையாற்றில் இடுப்பளவு நீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் தட்டிய இறால் பறிக்குள் போகும். படகோ முதலோ வேண்டாம். சேறு மெத்தென்று இருந்தால் போதும், அன்றைய அடுப்பு எரிந்துவிடும்.

அந்த ஆற்றோடு கலப்பதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய், பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். பெயர் மட்டும் ஆளுநருக்குப் போனது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பேசின் பிரிட்ஜ் வரை வந்தன. 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து ஓய்ந்தது.

அதன்பின் கால்வாய் சுமந்தது வேறு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து கிளம்பிய எண்ணெய் இந்த வழியாகவே முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்கள் குவளையால் அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்தது.

எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது. அனல்மின் நிலையத்தின் குழாய்கள் உடைந்து ஒழுகிய சாம்பல் ஆற்றின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்து ஆழத்தைத் தின்றிருக்கிறது. அதன்மேல் இப்போது காக்கா ஆழி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிறிய கறுப்புச் சிப்பி இது. ஒன்றோடொன்று நார் பின்னி, பாய் விரித்ததுபோல் அடித்தரையை மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை. தடவும் கையைக் கிழிக்கிறது ஓடு.

வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம். அதே நீரால் இணைந்த எண்ணூருக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கண்டல் மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஏற்றம் ஏறும்போது மடவை துள்ளுகிறது. காப்பகமாவதற்கான தகுதி இந்த நீருக்கு நிச்சயமாக இருக்கிறது.

சாம்பலை அகற்றி ஈரநிலத்தை மீட்க 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. கரையில் நடைபாதையும் பூங்காவும் போட்டுவிட்டு, மீட்டாயிற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எவ்வளவு சாம்பல் போயிற்று, எவ்வளவு ஆழி போயிற்று என்பதை ஆற்றில் இறங்கிக் கையால் தடவிச் சொல்லக்கூடியவர்கள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.