ஊடாடு மின்கதையும் பாத்திரமேற்று நடித்தலும்: தண்டலம் தொழிற்பகுதியின் பன்மொழிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கதைப்போக்கைக் குழந்தையே தேர்ந்து செல்லும்படி அமைக்கப்படும் மின்கதை ஊடாடு மின்கதை எனப்படும். அத்தேர்வின் எல்லையையும், அவ்வெல்லைக்கு அப்பால் பாத்திரமேற்று நடித்தல் ஆற்றும் மொழிப்பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊடாடு மின்கதை, பாத்திரமேற்று நடித்தல், உம் கொட்டுதல், பன்மொழி வகுப்பறை

முன்னுரை

பூவிருந்தவல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது தண்டலம். அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியபின், ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. ஷிப்ட் முறையில் உழைக்கும் பெற்றோருக்குக் கதைசொல்லும் பொழுது அரிது. கதைசொல்லும் பாட்டியோ சொந்த ஊரில் இருப்பார். அவ்விடத்தைக் கைபேசி நிரப்புகிறது. அதனால் தமிழைப் புதிதாகக் கற்கும் குழந்தை பேசுகிறதா, கேட்டு அமைகிறதா என்பது ஆராயத்தக்கது.

மரபில் ஊடாட்டம்

தமிழ்க் கதைசொல்லலில் கேட்பவர் ‘உம்’ கொட்டவேண்டும். அது நின்றால் கதையும் நிற்கும். குழந்தை இடைமறித்துக் கேட்கும் கேள்விக்கேற்பக் கதை வளைந்துகொடுக்கும். பாத்திரமேற்றலும் புதிதன்று. மணலில் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைக்கும் சிறுமியர் இல்லறத்தாராகவே நடிக்கின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவம் இவ்விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது. கோலைக் குதிரையாகக் கொண்டு விளையாடும் குழந்தை, பொருளிலிருந்து அதன் பொருண்மையைப் பிரித்துணரத் தொடங்குகிறது என்பது ருசிய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்து.

தேர்வும் எல்லையும்

வாசகரே வழியைத் தேரும் கதைநூல்கள் அமெரிக்காவில் 1979 முதல் தொடராக வெளிவந்தன. கிளைக்கதைகளை எளிதில் உருவாக்க உதவும் ட்வைன் மென்பொருள் 2009-இல் வந்தது. ஐந்து இடங்களில் இரண்டிரண்டு தேர்வுகள் வைத்து, கிளைகளை இணைக்காமல் விட்டால் 32 முடிவுகள் எழுதவேண்டும். ஆகவே, கதையாக்குநர் கிளைகளை மீண்டும் ஒன்றிணைப்பது வழக்கம். குழந்தை தேர்வது, முன்பே எழுதப்பட்டவற்றுள் ஒன்றையே. மேலும், பொத்தானை அழுத்த ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை.

நடிப்பில் மொழி

பஞ்சதந்திரச் சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விலங்குகள் தமக்குள் கூடி, “நாம் என்ன செய்வோம்?” என்று வினவும், சிங்கத்திடமோ, “நாங்கள் நாள்தோறும் ஒருவரை அனுப்புகிறோம்” என்று கூறும். கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ ஆகிய இரண்டிற்கும் இந்தியில் ‘ஹம்’ என்னும் ஒரு சொல்லே உண்டு. இந்தியை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைக்கு இவ்வேறுபாட்டை இலக்கண விதியாகக் கூறுவதினும், முயலாக நிற்கவைத்து உணர்த்துதல் எளிது. சிங்கம் ‘வா’ என்பதும், முயல் ‘வாருங்கள்’ என்பதும் அவ்வாறே மரியாதை வழக்கைப் பதியவைக்கும். ஏட்டில் எழுத்துவழக்கில் அமைந்த உரையாடல் நடிப்பில் பேச்சுவழக்காக மாறுவதால், இருவழக்கும் ஒருங்கே பழக்கமாகும்.

வகுப்பறைப் பயன்பாடு

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. வீட்டுமொழியில் கதையை அறிந்த குழந்தை, அதனையே தமிழில் நடிக்கலாம். தேர்வு வரும் இடத்தில் ஆசிரியர் கருவியை நிறுத்தி, மாணவர் பாத்திரங்களாக நின்று வாதிட்டபின் பொத்தானை அழுத்தச் செய்யலாம். தயங்கும் குழந்தைக்கு முதலில் கூட்டத்தில் ஒருவராகப் பேசும் பகுதியைத் தரலாம். 1 முதல் 3 வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் கதைக்கும் பாடலுக்கும் செயல்பாட்டிற்கும் இடமளிப்பதால், இதனை அதனுள் இணைக்க இயலும்.

முடிவுரை

மின்கதை கதைக்களத்தையும் சிக்கலையும் தரவல்லது. மறுமொழி கூறும் தேவையை உடன் நடிக்கும் குழந்தையே உண்டாக்குகிறது. எனவே, மின்கதையின் பயனை அதன் தேர்வுகளின் எண்ணிக்கையால் அளவிடாது, அது குழந்தையைப் பேசவைக்கும் அளவால் மதிப்பிடுதலே பன்மொழி வகுப்பறைக்குப் பொருந்தும்.