எப்ப வேணும்னாலும் போகலாம்

மே மாதம் பிறந்தால் மதுரையில் கொடைக்கானல் பேச்சு எடுக்காத வீடு குறைவு. மலை தாங்காத அளவுக்கு வண்டிகள் ஏறியதால், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. அந்த நெரிசலுக்கு அஞ்சாதவர்கள்கூட, மேலூர்ப் பக்கம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெருங்கிவிடக்கூடிய மாங்குளம் குன்றை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். சோம்பேறித்தனம் இதற்குக் காரணமில்லை. “பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணும்னாலும் போகலாம்” என்ற நினைப்புதான் காரணம். தூரத்து ஊருக்கு டிக்கெட் போடுகிறோம், லீவு சொல்கிறோம், அதனால் ஒரு தேதி விழுந்துவிடுகிறது. பக்கத்து ஊருக்கு அந்தத் தேதி விழுவதே இல்லை.

அந்த மாங்குளத்தில் என்னதான் இருக்கிறது? இயற்கையான குகைத்தளங்கள், அவற்றில் சமணத் துறவிகள் படுப்பதற்காகச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல லேசான மேடு. பாறையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டித் தமிழ்பிராமி எழுத்துகள். 1882இல் இராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார். இவற்றிலிருக்கும் மொழி தமிழ்தான் என்று நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்; நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை அடையாளம் கண்டவர் ஐராவதம் மகாதேவன். கணிநந்தன் என்ற துறவிக்காக அரசனின் பணியாளன் கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செய்வித்தான் என்பது ஒரு கல்வெட்டின் செய்தி. காலம் ஏறக்குறைய கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. இன்னொன்று வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையைச் சொல்கிறது. அந்த வெள்ளறைதான் மேலூர் சாலையிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கண்டக்டர் தினமும் கூவி நிறுத்தும் ஒரு ஸ்டாப்புக்கு இரண்டாயிரம் வருடத்து வியாபாரிகள் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடும் என்று தெரிந்தபின், அந்த ஸ்டாப்பை வெறுமனே கடக்க முடியுமா?

சுற்றுலா என்றால் ஒரு மாறுதல் வேண்டாமா, வெயிலிலிருந்து தப்பி வெயிலுக்கே போவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொடைக்கானல் குளிரை எந்தக் கற்படுக்கையும் தராது. உடம்புக்கு அந்த மாறுதல் தேவைப்படுகிறவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் மாறுதலைக் கிலோமீட்டரில் மட்டுமே அளப்பதுதான் சிக்கல். மேலூர் சாலையில் போகிற எல்லோரும் யானைமலையைப் பார்க்கிறார்கள். படுத்திருக்கும் யானை என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்ததைச் சொல்லும் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. கண்ணுக்குப் பழகிய மலை அந்த ஒரு தகவலில் வேறு மலையாகிவிடுகிறது. சொல்லித்தர ஆளில்லாமல் போனால் வெறும் பாறைதானே என்பது அடுத்த தடை. அதுவும் உண்மை. ஊர்க்காரர்களே பல இடங்களில் இந்தக் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் சொல்கிறார்கள். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்து, மக்கள் எதிர்த்த சூழலில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முயற்சியில் உருவான ‘பசுமை நடை’ இந்தக் குறையைத்தான் தீர்க்க வந்தது. ஞாயிறு காலையில் ஒரு குன்று, அங்கேயே உட்கார்ந்து தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்களின் பேச்சு. கட்டுச்சோறும் தண்ணீர் பாட்டிலும் போதுமான பயணம்.

எல்லோரும் கிளம்பினால் இந்த இடங்களும் கெட்டுப்போகுமே என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். காதலர் பெயர் கீறாத குகை நம்மூரில் அபூர்வம். இருந்தாலும் மேலூர்ப் பகுதியில் குன்றுகளை விழுங்கியது சுற்றுலாக்காரர்களின் கூட்டமல்ல, கிரானைட் குவாரி. மாங்குளத்துக்குப் பக்கத்திலேயே உள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். லகடு வல்லூறு வாழும் அந்தக் குன்றுகளையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024இல் முடிந்தது. சுற்றுக் கிராமத்து மக்கள் மதுரை வரை திரண்டு வந்து போராடியபின், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. நகரத்தில் பாதிப் பேர் அரிட்டாபட்டி என்ற பெயரையே அப்போதுதான் கேட்டிருப்பார்கள். குன்றைக் காத்தவர்கள் அதன் பாறைக்கும் சுனைக்கும் தனித்தனியே பெயர் வைத்திருந்தவர்கள். நகரத்துக்காரருக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால் குரல் இன்னும் முன்னாலேயே எழுந்திருக்கும்.

ஒருதடவை பார்த்துவிட்டால் முடிந்துபோகும் சின்ன இடங்கள் இவை என்பவர்கள் வேளை மாற்றிப் போய்ப் பார்க்கவேண்டும். மேலோட்டமாக வெட்டிய எழுத்து, வெளிச்சம் நேராக விழும்போது கல்லோடு கல்லாக மறைந்துவிடும். சாய்ந்த வெயில் படும் நேரத்தில் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தேங்கி எழுத்து மேலே வரும். மழைக்குப்பின் கண்மாய் நிறைந்திருக்கும்போது படுக்கையில் உட்கார்ந்து பார்க்கும் ஊர் வேறு, கோடையில் பார்க்கும் ஊர் வேறு. ஓட்டல் அறையைக் காலி செய்யும் நேரம் பார்த்துத் திரும்ப வேண்டிய அவசரம் இங்கே இல்லை. இன்றைக்கு மேகமூட்டம், எழுத்து பிடிபடவில்லையா, அடுத்த ஞாயிறு இன்னொரு பஸ் இருக்கிறது.