மது அருந்தி மிதிவண்டி ஓட்டுதல் (இந்தியச் சட்டம்)

மது அருந்திவிட்டு மிதிவண்டி ஓட்டுதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குற்றமாகாது. 1988ஆம் ஆண்டின் இச்சட்டத்தில் 185ஆவது பிரிவு, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்ககால் இருந்தால் தண்டனை விதிக்கிறது. ஆனால் அது மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்கு மட்டுமே. காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்த வரையறைக்குள் வராது. ஜெர்மனியில் சைக்கிளுக்கென்றே தனி ஆல்ககால் வரம்பு உண்டு; ஜப்பான் 2024 நவம்பரில் தண்டனையைக் கடுமையாக்கியது.

இதனால் சைக்கிள்காரருக்கு முழு விலக்கு கிடைத்துவிடுவதில்லை. பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி பொதுவழியில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு (முன்பு இ.த.ச. 279) பொருந்தும். போதையில் பொது இடத்தில் தொல்லை தந்தால் 355ஆவது பிரிவு.

இழப்பீட்டு வழக்கில் 'மது வாடை'

உண்மையான சிக்கல் அபராதத்தில் இல்லை, இழப்பீட்டில் இருக்கிறது. தேனி மாவட்டம் குச்சனூரில் ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரர் கோயிலுக்கு வெளியூர் வண்டிகள் திரளும். அச்சாலையில் வயலிலிருந்து திரும்பும் சைக்கிள் மீது ஒரு கார் மோதியதாகக் கொள்வோம். 'திடீரென்று குறுக்கே வந்தார்' என்பார் கார் ஓட்டுநர். மருத்துவமனைப் பதிவேட்டில் 'மது வாடை' என்று ஒரு வரி இருந்தால் போதும், காப்பீட்டு நிறுவனத் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள்காரரின் அஜாக்கிரதை 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், ரூ. 4 இலட்சம் இழப்பீடு ரூ. 3 இலட்சமாகக் குறையும்.

ஆனால் வாடை வேறு, அஜாக்கிரதை வேறு. 2013இல் கேரள வழக்கொன்றில், பேருந்துடன் மோதி இறந்த கார் ஓட்டுநரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் சாராய நெடி குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் மது அருந்தியிருந்தார் என்பதை மட்டும் கொண்டு, அஜாக்கிரதையாக ஓட்டினார் என முடிவுகட்ட இயலாது என்றது உச்ச நீதிமன்றம். விபத்துக்குப் பின் வண்டிகள் கிடந்த நிலையைக் காட்டும் மகஜரும் தனியே போதாது என்றும் கூறியது. கார் ஓட்டியவருக்கே இப்படி என்றால், மிதித்துச் சென்றவருக்கு இது இன்னும் வலுவாகப் பொருந்தும். ஆகவே நேரில் கண்டவர் சாட்சியமும், பிரேக் தடமும், சைக்கிளின் எந்தப் பக்கம் நசுங்கியது என்பதும் பதிவாக வேண்டும். சைக்கிளை உடனே பட்டறைக்குக் கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு.

தவறு யாருடையது என்று நிறுவாமலேயே கேட்க 164ஆவது பிரிவு வழிசெய்கிறது: மரணத்துக்கு ரூ. 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 இலட்சம். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் போய்விட்டால் இத்தொகை முறையே ரூ. 2 இலட்சம், ரூ. 50,000 ஆகும்.