அலகை வெட்டுமுன் கொட்டகையைப் பாருங்கள்

வாலடியில் இறகு போய்த் தோல் தெரியும் கோழி ஒன்று கண்ணில் பட்டால், அதை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மறுநாள் காலை அது செத்துக் கிடக்கலாம். பின்புறத்தை மற்றக் கோழிகள் குடைந்து தின்றிருக்கும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தும் இந்தப் பழக்கத்தைத் தடுக்க ஊசியோ தடுப்பு மருந்தோ கிடையாது.

சண்டை வேறு, இது வேறு. சண்டையிடும் கோழி எதிராளியின் தலையையும் கொண்டையையும் குறிவைக்கும். கூட்டத்தில் யார் பெரியவர் என்று முடிவானதும் அடங்கிவிடும். இறகு பிடுங்கும் கோழிக்குக் கோபம் எதுவும் இல்லை. பகலெல்லாம் தரையைக் கிளறி இரை பொறுக்கப் பிறந்த பறவை அது. கிளற வழியில்லாத கூண்டிலோ, கட்டிதட்டிப்போன கூளத்திலோ அடைத்தால் பக்கத்துக் கோழியின் முதுகைக் கொத்தத் தொடங்கும். இறகு போன இடத்தில் காயமாகி ரத்தம் கசிந்துவிட்டால் கூட்டமே மொய்க்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று பழகும் என்பதால், பரவியபின் நிறுத்துவது பெரும்பாடு.

முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் ஆபத்து அதிகம். முட்டை வெளிவரும்போது உள்சவ்வு சிவப்பாகச் சற்று வெளியே வந்து, உடனே உள்ளே போய்விடும். உடம்பு தேறுமுன் விளக்கு நேரத்தை நீட்டி அவசரமாக முட்டைக்குக் கொண்டுவந்த கோழிக்கும், கொழுத்த கோழிக்கும் அது உள்ளே திரும்பத் தாமதமாகும். வெளிச்சத்தில் முட்டையிட்டால் மற்றவை அந்தச் சிவப்பைக் கொத்தும். தரையில் வளர்ப்பவர்கள் நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டியாவது, அதுவும் மங்கலான மூலையில், வைப்பது இதற்காகத்தான்.

மற்ற காரணங்களும் கொட்டகைக்குள்ளேயே இருக்கும்: இட நெருக்கடி, சித்திரை வெயில், கண்ணைக் கூசும் பல்பு, போதாத தீவனத்தட்டு. பேன், செல்லு கடித்தாலும் கோழி தன் இறகையே கோதிக் கோதிப் புண்ணாக்கிக்கொள்ளும். தீவனத்தில் உப்பு, மெத்தியோனின், நார்ச்சத்து குறைந்தாலும் கொத்து தொடங்கும். அதற்காக ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறிய உப்பு, குறிப்பாகக் குஞ்சுகளுக்கு, விஷம். முருங்கை, அகத்தித் தழையைக் கொத்தாகக் கட்டி எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கூளத்தைக் கிளறிவிட்டு, அதில் கொஞ்சம் தானியம் தூவுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். காயம்பட்டதைத் தனியே வைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாம். இறகு முளைக்குமுன் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. காயம் பெரிதென்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை உதவியைக் கேளுங்கள்.

அலகு வெட்டினால் போதுமே என்பார்கள். வெட்டினால் சேதம் குறையும், உண்மைதான்; கொத்தும் ஆசை அப்படியே இருக்கும். அலகு நகம் போன்றதல்ல. அதனுள் நரம்பு ஓடுகிறது. வெட்டிய குஞ்சு சில நாள் சரியாகத் தின்னாது. ஜெர்மனியில் அலகு வெட்டிய முட்டைக்கோழிகளைப் புதிதாகக் கொட்டகையில் விடுவதில்லை என்று 2017 முதல் பண்ணைத் தொழிலே ஒப்புக்கொண்டு நடக்கிறது. அங்கே கூளத்துக்கும் வெளிச்சத்துக்கும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. நம் ஊரில் வெட்டியே ஆக வேண்டுமென்றால், குஞ்சுப் பருவத்திலேயே பழகிய கை செய்யட்டும். தேவையின்றி வலியுண்டாக்குவதைக் குற்றமாக்கும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கோழிக்கும் பொருந்தும்.

புதிய தீவன மூட்டை பிரித்த சில நாளில் கொத்து தொடங்கியதா? மூட்டையின் சீட்டையும் ரசீதையும் எறியாதீர்கள். அதே மூட்டையிலிருந்து கொஞ்சம் தீவனத்தை உலர்ந்த பையில் கட்டிவைத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். இறந்த கோழிகளின் படமும், மருத்துவர் எழுதித் தந்த சான்றும் கையில் இருக்கட்டும். சுயதொழிலாகப் பிழைப்புக்குக் கோழி வளர்ப்பவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. தீவனத்தில்தான் குறை என்று தெரிந்தால், இழப்பு நேர்ந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். தீவனத்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.