எந்திரத்தைத் தேடி எண்ணெய்

கப்பல் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போவதில்லை. துறையில் அது நிற்கும்போதே லாரியோ மிதவையோ அருகில் வந்து, குழாய் வழியே எண்ணெயை ஏற்றிவிட்டுப் போகிறது. கரையில் உழைக்கும் எந்திரங்களுக்கும் இதே முறைதான் சிக்கனமானது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வேலைத்தளத்தில் ஆறு பேலோடர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் டீசல் போட்டுத் திரும்ப அரை மணி ஆனால், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீண். போய்வரும் வழியில் எரியும் டீசல் வேறு. அதற்குப் பதில் டேங்கர் வண்டி ஒன்று உணவு வேளையில் வந்து, வண்டிக்குப் பத்து நிமிடம் வீதம் ஊற்றினால் ஒரு மணியில் முடிந்துவிடும், வேலையும் நிற்காது. 2018-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு எண்ணெய் நிறுவனங்களே, அளவுக் கருவி பொருத்திய வண்டிகளில் டீசலைத் தளத்துக்குக் கொண்டுவந்து தருகின்றன.

ஆனால் உப்பள வரப்பில் டேங்கர் வண்டி ஏறுமா? என் தந்தையார் உப்பளத்தில் நீர் இறைக்கும் எஞ்சினைப் பார்ப்பவர். கேனும் புனலுந்தான் அவருடைய கருவிகள். இரண்டாண்டுகளுக்கு முன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஊற்றும்போது டீசல் சிந்திப் புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடித்தது. வலக்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. “நிறுத்தினால் பாத்திக்கு யார் தண்ணீர் விடுவது?” என்பது அவர் கேள்வி.

டீசல் எளிதில் பற்றாது என்று நாம் நினைக்கிறோம். நம் நாட்டுத் தர விதிப்படி, டீசலின் ஆவி நெருப்புக்கு அருகில் பற்றத் தொடங்கும் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். தூத்துக்குடியின் மே மாத வெயில் அதை எட்டிவிடும். மிகவும் சூடேறிய இரும்பில் பட்டாலோ தீப்பொறியே வேண்டியதில்லை. எனவே எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் கேனில் டீசல் பிடிக்கும்போது அதை வண்டியின் மேல் வைக்காமல் தரையில் வைப்பது நல்லது; இல்லையேல் எண்ணெயின் உராய்வில் பிறக்கும் மின்னூட்டம் வெளியேற வழியிருக்காது.

வேலை முடிந்த மாலையே ஊற்றுவதற்கு ஏற்ற நேரம். எஞ்சின் ஆறக் காத்திருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. மேலும், பாதி காலியான தொட்டியில் ஈரக் கடற்காற்று நிறைந்து, இரவில் குளிர்ந்து நீராகிவிடும். நிரப்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. அதற்காக விளிம்புவரை ஊற்றலாமா? கூடாது. 200 லிட்டர் டீசல் 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பெருகும். அந்த அளவு தொட்டியில் பத்து லிட்டர் இடம் விட்டால் போதும். தந்தையாரிடம் இதைச் சொன்னேன். இப்போது மாலையில்தான் ஊற்றுகிறார்.

காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன், தொட்டியின் அடித் திருகைத் திறந்து ஒரு குவளை அளவு பிடித்துக் கீழே வைப்பது அவருடைய பழைய வழக்கம். விலை கொடுத்து வாங்கியதை வீணாக்குகிறாரே என்று பள்ளி நாட்களில் எண்ணியதுண்டு. அண்மையில் அந்தக் குவளையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே டீசல், அடியில் இரண்டு விரற்கடை நீர்!